கீஸ் நட்ட கல்

2000-ஆம் ஆண்டு மே 2 அன்று, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு நிறுத்தியது. அதுவரை நூறு மீட்டர்வரை தள்ளிக் காட்டிக்கொண்டிருந்த கருவிகள் ஒரே இரவில் பத்து, இருபது மீட்டருக்குள் வந்துவிட்டன. மறுநாளே ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியில் புத்தகம், பீன்ஸ் டப்பா என்று எதையெதையோ போட்டு மறைத்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் எழுதினார். கண்டுபிடிப்பவர் உள்ளே இருக்கும் நோட்டில் பெயரையும் தேதியையும் எழுதவேண்டும். ஜியோகேச்சிங் என்ற விளையாட்டு அவ்வளவுதான்.

தேசியப் பூங்காக்களில் இப்படி டப்பா புதைக்கப் பொதுவாக அனுமதி கிடையாது. அதனால் அங்கே பெரும்பாலும் 'விர்ச்சுவல்' கேச்தான். இருக்கும் பொருளைப் பார்க்கவேண்டும், அதில் உள்ளதைப் படித்துப் பதில் சொல்லவேண்டும். தெற்கு கலிஃபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ பூங்காவில் அப்படிப் படிக்கத் தோதான ஒரு கல் இருந்தது. உண்மையில் அதுவே ஒரு நோட்டுப் பதிவு மாதிரிதான். இன்ன இடத்தில், 1943 மே 11 அன்று, வொர்த் பேக்லி என்பவர் டபிள்யூ. எஃப். கீஸின் கையால் மண்ணைக் கவ்வினார் என்று அதில் செதுக்கியிருந்தது. செதுக்கியது கீஸ்.

நம் ஊர் நடுகல் நினைவுக்கு வரும். மாடு கவர்ந்த சண்டையில் விழுந்தவனுக்கு அவனுடைய ஆட்கள் நட்டது அது. இங்கே கொன்றவரே நட்டிருக்கிறார், தன் பெயரையும் சேர்த்து.

இந்தப் பாலைவனத்தில் மாடு மேய்ப்பதை ஒரு கணக்காகப் பார்த்தால் சண்டை புரியும். மழை ஆண்டுக்கு ஒரு சாண்கூடத் தேறாது. வெயில் காலத்தில் ஒரு மாடு நாளொன்றுக்கு நாற்பது, ஐம்பது லிட்டர் குடிக்கும். தண்ணீரை விட்டு வெகுதூரம் மேயப் போகாது. ஆக, நிலம் யாருடையது என்பதைவிடக் கிணறு யாருடையது என்பதே கேள்வி. ஊற்றைப் பிடித்தவனுக்குச் சுற்றியுள்ள புல்வெளி முழுக்கச் சொந்தம், பத்திரமே தேவையில்லை. அங்கே முதலில் வந்த மாட்டுக்காரர்களுக்கு இது தெரியும். பெரிய பாறைகள் சூழ்ந்த ஹிடன் வேலியில் மெக்ஹேனி கும்பல் திருட்டு மாடுகளை ஒளித்துவைத்தது என்று கதை உண்டு. பார்க்கர் என்ற மாட்டுக்காரரின் பெயரில் பாறைகளுக்கு நடுவே ஒரு சின்ன அணையும் எழுந்தது. இவர்களுக்கெல்லாம் முன்னால் அந்த ஊற்றுகளை நம்பி வாழ்ந்த செரானோ, கவியா, செமவேவி மக்களின் பாறைக் கீறல்கள் அணைக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. அவற்றில் பெயரும் இல்லை, தேதியும் இல்லை.

பில் கீஸ் இங்கே வந்தது 1910-இல். 1917-இல் ஹோம்ஸ்டெட் சட்டத்தின்கீழ் நிலம் கோரினார். மனைவி பிரான்சிஸோடு மளிகைக்குக்கூட நாள்கணக்கில் வண்டி கட்டிப் போகவேண்டிய இடத்தில் குடும்பம் நடத்தினார். ஏழு பிள்ளைகளில் மூன்று பேர் சிறுவயதிலேயே இறந்தார்கள். மாடு, சுரங்கம், பழத்தோட்டம், தங்கத்தாது அரைக்கும் ஆலை எல்லாம் அவரிடம் இருந்தன. கைவிட்டுப்போன கிணறு, சுரங்கம் எதுவானாலும் தன் பெயரில் பதிந்துகொள்வதில் மனிதர் கெட்டிக்காரர். அதுதான் பக்கத்து நிலத்துக்கு வந்த பேக்லியோடு மோதவைத்தது. பேக்லி லாஸ் ஏஞ்சலஸில் டெபுடி ஷெரிஃபாக இருந்து ஓய்வுபெற்றவர். கீஸின் வால் ஸ்ட்ரீட் ஆலைக்கும் கிணற்றுக்கும் போகும் பாதை பேக்லியின் நிலம் வழியாகப் போனது. அதில் போகாதே என்று ஓர் எச்சரிக்கைப் பலகை வைத்தார். பலகையைப் படிக்க வண்டியிலிருந்து இறங்கினேன், பேக்லி முதலில் சுட்டார், நான் திருப்பிச் சுட்டேன் என்பது கீஸ் சொன்னது. அவரே வண்டியோட்டிப் போய் ட்வென்டிநைன் பாம்ஸ் ஊரில் சரணடைந்தார். ஜூரி நம்பவில்லை. கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்கு சான் குவென்டின் சிறை.

பிரான்சிஸ் விடவில்லை. பெர்ரி மேசன் கதைகள் எழுதிய ஏர்ல் ஸ்டான்லி கார்ட்னரை அணுகினார். கார்ட்னர் வக்கீலாக இருந்தவர், தவறாகத் தண்டிக்கப்பட்டவர்களுக்காக 'ஆர்கசி' பத்திரிகையில் ஒரு தொடரே நடத்தியவர். கீஸ் 1948-இல் வெளியே வந்தார். முழு மன்னிப்பு 1956-இல்தான் கிடைத்தது.

ஒரு மார்ச் காலையில் நானும் நண்பனும் அந்தத் தடத்தில் நடந்தோம். அரைநாளில் போய்த் திரும்பிவிடலாம். துருப்பிடித்த கார்கள், காற்றாலைக் கம்பங்கள், கடைசியில் மரச்சட்டங்களோடு நிற்கும் அந்த ஆலை. நண்பன் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்காடா ஒருத்தன் செத்தான்?" என்றான். கையில் இருந்த பாட்டிலில் பாதி மீதி இருந்ததால் கேட்கமுடிந்த கேள்வி என்று நினைக்கிறேன்.

கீஸ் சொன்னது பொய் என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை, மன்னிப்பும் அவர் பக்கம்தான். ஆனால் அந்த இடத்தில் இரண்டே பேர். ஒருவர் மே 11-ஆம் தேதியைத் தாண்டவில்லை. மற்றவர் 1969 வரை இருந்தார். ரேஞ்சர்களின் சுற்றுலா, பண்ணை வீடு, கல் எல்லாமே அவர் குரலில்தான் பேசுகின்றன. ஜிபிஎஸ் சரியான இடத்தைக் காட்டிவிடும். அங்கே போய் நாம் படிப்பது ஒருவர் எழுதிய பதிவை.

சிறையிலிருந்து திரும்பியபோது கீஸுக்கு எழுபது வயதை ஒட்டி இருக்கும். 1949-50-இல் அவர் செய்த காரியங்களில் ஒன்று, பழைய பார்க்கர் அணையை உயர்த்திக் கட்டியது.