சாக்கியர் கண்ட தருமம்

பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாளில் மயிலை மாடவீதிகளிலே கபாலீசுவரப் பெருமானுடன் அறுபத்துமூவரும் எழுந்தருளுகின்றனர். அவர்களுள் ஒருவர் பௌத்தக் கோலத்தை இறுதிவரை களையாதவர். அவரே சாக்கிய நாயனார்.

திருச்சங்கமங்கையில் வேளாளர் குடியிற் பிறந்த அவர், பிறவித் துன்பம் நீங்கும் வழி தேடிக் காஞ்சிமாநகர் அடைந்து பௌத்தரைச் சார்ந்தார். மணிமேகலை அறவண அடிகள்பால் அறங்கேட்டுத் தவம் பூண்டதும் அந்நகரிலேயாம். மணிமேகலைக் காப்பியத்தை 1898-இல் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் சைவக் கல்வியில் ஊறியவர். ஆயினும் மாற்றார் நூலென்று ஒதுக்காது பௌத்த தருமத்தை வருந்திக் கற்று, அதனைப் பற்றித் தனியே எழுதவும் செய்தார். அவர் பெயர் தாங்கிய நூல்நிலையம் அடையாற்றை அடுத்த பெசன்ட் நகரில் உள்ளது.

தருமம் என்னும் சொல் இரு சமயத்தார்க்கும் பொது, பொருள் வேறு. நம்மவர் அச்சொல்லால் வேதாகம விதியையும் அவரவர்க்குரிய கடமையையும் கருதுவர். பௌத்தர்க்கோ அது புத்தர் அருளிய போதனை. பொருள்களின் இயல்பான நியதியும் அதுவே. பன்னிரு சார்புகள் ஒன்றைப் பற்றி ஒன்று தோன்றப் பிறவி சுழல்கிறது, சுழற்றுவான் ஒருவன் வேண்டா என்பர். கொல்லாமையிலும் பசிப்பிணி தீர்த்தலிலும் பிணக்கில்லை. வினைக்குப் பயன் உண்டென்பதிலும் இல்லை.

பிணக்கு எங்கே? அவ்விடத்திலேதான் சாக்கியர் நின்று சிந்தித்தார். வினை உண்டு; செய்யும் உயிர் உண்டு; பயனும் உண்டு. அறிவற்ற வினை, தானே சென்று உரியவனை அடையுமோ? சேர்ப்பிப்பான் ஒருவன் வேண்டுமன்றோ? இந்நான்கையும் உடன்பட்டது சைவமே எனத் தெளிந்தார். விதை முளைத்தற்கு ஏவுவார் யார் என்று பௌத்தர் வினவுவர், அவ்வினா எளிதன்று. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் பௌத்தரின் நான்கு பிரிவினரையும் தனித்தனியே எடுத்து மறுக்க நேர்ந்தது.

தெளிந்த பின்னும் சாக்கியர் துவராடையை மாற்றினாரல்லர். எக்கோலத்தில் நின்றாலும் சிவன் தாளை மறவாமையே வேண்டுவது என்று துணிந்தார். வெட்டவெளியில் இருந்த சிவலிங்கத்தைக் கண்டு, அருகே கிடந்த கல்லை அன்பினால் எறிந்தார். நாள்தோறும் அதுவே பூசையாயிற்று. ஒருநாள் மறந்து உண்ணப் புகுந்தவர், நினைவு வந்தவுடன் பசியோடு எழுந்தோடிக் கல்லெறிந்தார். பெருமான் உமையம்மையுடன் விடைமேற் காட்சி தந்தருளினார்.

காண்பார்க்கு அது பகைவன் செயல். சுந்தரர் அவரைத் திருத்தொண்டத்தொகையிலே சேர்த்து வணங்கினார். சேக்கிழார் அக்கல்லை மலராகவே கண்டு பாடினார். பௌத்தரைக் குறிக்கும் சாக்கியர் என்னும் பெயரை அவ்விருவரும் மாற்றவில்லை.