பெற்றோரின் பள்ளிக்கூடம்

வெள்ளி விழா ஆண்டையொட்டி நம் சங்கத்து மாலை வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம் தந்தோம். புத்தகத்தைப் பார்த்து எழுதும் பாடம் அன்று அது. தாய் தந்தையரையோ பாட்டன் பாட்டியரையோ அருகில் அமர்த்தி நான்கு கேள்விகள் கேட்டு எழுதி வரவேண்டும். எந்தப் பள்ளியில் படித்தீர்கள்? வகுப்பில் எங்கே உட்கார்ந்தீர்கள்? தாகம் எடுத்தபோது தண்ணீர் யார் தந்தார்கள்? எந்த வகுப்போடு, எதனால் நின்றீர்கள்?

கேள்விகள் எளியவை, விடைகள் எளிதில் வரவில்லை. "எனக்கு ஏது படிப்பு, போய் உன் பாடத்தைப் படி" என்று பல வீடுகளில் பிள்ளைகளை அனுப்பிவிட்டனர். படிக்க முடியாமற் போனதைத் தம் குற்றமென்றே நம் பெரியோர் எண்ணி வந்திருக்கிறார்கள். அந்த எண்ணம் தவறென்பதை வரலாறு கூறும்.

செங்கற்பட்டு மாவட்டக் கலெக்டராயிருந்த திரமென்ஹீர், நம் மக்களின் நிலமற்ற நிலையையும் கல்வியற்ற நிலையையும் அரசுக்கு எடுத்துரைத்த அறிக்கை 1892இல் அரசின் ஆய்வுக்கு வந்தது. அடுத்த ஆண்டே, பஞ்சமர் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட நம்மவரின் கல்விக்கெனச் சென்னை அரசு தனி ஆணை பிறப்பித்தது. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் இலவசப் பள்ளி தொடங்கினார். 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்விக் கழகம் கண்டார். 1922இல், எம். சி. ராஜா போன்றோர் முயற்சியால், 'ஆதிதிராவிடர்' என்னும் பெயரை அரசு ஏற்றது. தொழிலாளர் துறையின் பொறுப்பில் நம் தெருக்களில் பள்ளிகள் எழுந்தன. தாத்தா 'லேபர் பள்ளிக்கூடம்' என்று சொல்லக் கேட்டால், அப்பெயரின் பிறப்பு இதுவென்று பிள்ளைகள் அறிக.

எங்கே உட்கார்ந்தீர்கள் என்ற கேள்விக்கும் தண்ணீர்க் கேள்விக்கும் உரிய விடையை அண்ணல் அம்பேத்கர் தம் வாழ்விலிருந்தே நமக்குச் சொல்லிச் சென்றுள்ளார். சாத்தாராவில் படித்த நாளில் வீட்டிலிருந்து கொண்டு சென்ற கோணியில் தனியே அமர்ந்தார். பள்ளிச் சேவகர் குழாயைத் திறந்துவிட்டாலன்றித் தண்ணீர் இல்லை. பாரெங்கும் போற்றப்படும் அறிஞர் அதைக் கூற நாணவில்லை. நம் பாட்டியர் ஏன் நாணவேண்டும்?

நான்காம் கேள்வியே நெஞ்சைச் சுடுவது. அதை எழுதித் தந்த நான், என் தந்தையிடம் அதுவரை அதைக் கேட்டதில்லை. ஓரிரவு கேட்டேன். மூன்றாம் வகுப்போடு 1955இல் நின்றதாகச் சொன்னார். பாட்டனார் பட்ட கடனுக்காகப் பண்ணையில் மாடு மேய்க்க அனுப்பப்பட்டாராம். 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் தொடங்கிற்று. அவர் படித்த பள்ளிக்கும் பின்னர் அது வந்தது. "மாட்டை ஓட்டிக்கொண்டு போகையில் பள்ளிக்கூடத்து உலை வாசனை வரும். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் நானும் ஐந்து முடித்திருப்பேன்" என்றார். பதினாறாம் வாய்ப்பாடு வரை அவர் இன்றும் பிழையின்றிச் சொல்வது எதனால் என்று அன்றுதான் விளங்கியது.

பள்ளிப் பதிவேட்டில் அவர் பெயர் அடிக்கப்பட்டிருக்கும், அவ்வளவே. கடனும் மாடும் உலை வாசனையும் எந்த ஏட்டிலும் இரா. அவை அவர் நினைவில் மட்டுமே உள்ளன. கேட்பாரின்றி அவர் மறைந்தால் அவையும் மறையும்.

1953இல் இராஜாஜி அரசு, சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் படிப்பை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்து, மிஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. பண்ணையாளின் பிள்ளைக்கு அதன் பொருள் பண்ணை வேலையே. குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் எதிர்த்தனர். 1954இல் அது கைவிடப்பட்டது. அன்று பிள்ளையைப் பெற்றோரின் தொழிலோடு பிணைக்க முயன்றார்கள். இன்று நாம் அவனைப் பெற்றோரின் பள்ளிக்கூடத்தோடு இணைக்க முயல்கிறோம். பாதியில் நின்ற அந்தப் படிப்பின் தொடர்ச்சியே தன் படிப்பு என்று ஒரு பிள்ளை உணருமாயின், எளிதில் அது பள்ளியை விட்டு நில்லாது.

இளைஞர்களே! 1982இன் சத்துணவை உண்டு படித்த தாய்மாரும் உங்கள் வீட்டில் இருக்கிறார்கள். அதற்கு முன்பே நின்றுவிட்ட பாட்டியரும் இருக்கிறார்கள். இருவரையும் கேளுங்கள். சொல்ல மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். மறுநாளும் அருகில் அமருங்கள். சொன்னதை அவர்கள் சொன்னபடியே எழுதி, படித்தும் காட்டுங்கள். அக்குறிப்பேடுகள் நம் சங்க நூலகத்தில் பாதுகாக்கப்படும். பொன்விழா காணும் நாளில் நம் வரலாற்றை எழுத அமர்பவர், முதலில் அவற்றையே கையில் எடுப்பார்.