கைத்துப்பாக்கி தோட்டா ரீலோடிங்: எந்த மருந்து, ஏன்? ஒரு சின்ன தவறு எவ்வளவு ஆபத்து?

அமெரிக்காவில் துப்பாக்கி சுடும் போட்டிகளுக்குப் போகிற பலர், சுட்டு முடித்த காலி உறைகளைக் கீழே விட்டுவிட்டு வருவதில்லை. பொறுக்கி எடுத்து, சுத்தம் செய்து, வீட்டு மேசையிலேயே மீண்டும் தோட்டாவாக மாற்றிக்கொள்கிறார்கள். இதற்குப் பெயர் 'ரீலோடிங்'. சொந்த உபயோகத்துக்கு என்றால் அங்கு கூட்டாட்சி சட்டப்படி தனி உரிமம் தேவையில்லை. தயாரித்து விற்பதற்குத்தான் உரிமம் வேண்டும்.

செலவு மிச்சம், தன் துப்பாக்கிக்கு ஏற்ற மாதிரி தோட்டா, கடையில் தட்டுப்பாடு வந்தாலும் கவலை இல்லை. இப்படிப் பல காரணம் சொல்வார்கள். ஆனால் புதிதாக வருகிற எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்றுதான்: எந்த வெடிமருந்தை வாங்குவது? அங்குள்ள கடை அலமாரியில் டப்பா டப்பாவாக, பல பெயர்களில் மருந்து இருக்கும். பார்க்க எல்லாம் ஒரே மாதிரி கறுப்புத் தூள்தான். மாற்றிப் போட்டால் துப்பாக்கியே வெடிக்கலாம்.

தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது?

ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள். பித்தளை உறை, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே மருந்து, முனையில் குண்டு. ட்ரிகரை அழுத்தினால் ஊசி பிரைமரை அடிக்கும். பொறி பறந்து மருந்து எரியும். அதிலிருந்து வரும் வாயு குண்டைத் தள்ளும். அவ்வளவுதான். சுட்ட பிறகு உறை மட்டும் அப்படியே மிஞ்சும். அதனால்தான் அதைத் திரும்பப் பயன்படுத்த முடிகிறது.

பட்டாசில் போடும் மருந்தேதானா இது?

இல்லை. பட்டாசில் பாரம்பரியமாகப் போடுவது பழைய கறுப்பு மருந்து வகை: வெடியுப்பு, கரி, கந்தகம். இன்றைய தோட்டாவில் இருப்பது 'புகையில்லா மருந்து'. 1884-ல் பிரான்சைச் சேர்ந்த பால் வியேய் இதை உருவாக்கினார். அடிப்படைப் பொருள் நைட்ரோசெல்லுலோஸ். அது மட்டும் இருந்தால் 'சிங்கிள் பேஸ்'. நைட்ரோகிளிசரினும் சேர்ந்தால் 'டபுள் பேஸ்'. அதே எடையில் இதற்குச் சக்தி கொஞ்சம் அதிகம்.

முக்கியமான விஷயம், இந்த மருந்து உறைக்குள் டைனமைட் போல வெடிப்பதில்லை. மிக வேகமாக எரிகிறது. எவ்வளவு வேகமாக எரிகிறது என்பதில்தான் தேர்வு முழுவதும் அடங்கியிருக்கிறது.

எரியும் வேகம் ஏன் முக்கியம்?

கைத்துப்பாக்கியின் குழல் சிறியது. பொதுவாக 4 அல்லது 5 அங்குலம். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு நேரத்திலேயே குண்டு வெளியேறிவிடும். மருந்து அதற்குள் எரிந்து முடிய வேண்டும். நீண்ட குழல் கொண்ட ரைஃபிளுக்கான மெதுவான மருந்தை இதில் போட்டால் பாதி எரியாமலே வெளியே கொட்டும். குண்டுக்கு வேகமே இருக்காது. தலைகீழாக, வேகமான பிஸ்டல் மருந்தை ரைஃபிள் உறையில் அதே அளவுக்கு நிரப்பினால் அழுத்தம் எகிறி துப்பாக்கி சிதறும்.

கைத்துப்பாக்கி மருந்துகளுக்குள்ளேயும் மூன்று ரகம் உண்டு.

வேகமானவை: புல்ஸ்ஐ, டைட்குரூப் போன்றவை. கொஞ்சம் போட்டாலே போதும். இலக்குப் பயிற்சிக்கு ஏற்றவை.

நடுத்தரம்: யுனிக், வின்செஸ்டர் 231 போன்றவை. 9 எம்எம், .45 ஏசிபி எனப் பல அளவுகளுக்கும் பொருந்தும்.

மெதுவானவை: 2400, எச்110 போன்றவை. .357 மேக்னம், .44 மேக்னம் மாதிரி பெரிய ரிவால்வர் தோட்டாக்களுக்கு.

அழுத்தம் என்றால் எவ்வளவு?

கார் டயரில் நாம் அடிக்கும் காற்று சுமார் 32 பிஎஸ்ஐ. 9 எம்எம் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்துறை அமைப்பான 'சாமி' வகுத்துள்ள உச்ச வரம்பு 35,000 பிஎஸ்ஐ. அதாவது டயரைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல். .45 ஏசிபிக்கு 21,000. .38 ஸ்பெஷலுக்கு 17,000 மட்டுமே. ஒன்றுக்குச் சரியான அளவு இன்னொன்றுக்கு ஆபத்தாவது இதனால்தான்.

மருந்தை அளப்பது 'கிரெயின்' என்ற அலகில். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். வேகமான மருந்தில் அரை கிரெயின் கூடினாலே அழுத்தம் வரம்பைத் தாண்டலாம்.

பெரிய உறையில் கொஞ்சம் மருந்து: ஆபத்து எங்கே?

.38 ஸ்பெஷல் 1898-ல் வந்தபோது கறுப்பு மருந்துக்காக வடிவமைக்கப்பட்டது. அந்த மருந்துக்கு இடம் நிறைய வேண்டும் என்பதால் உறை நீளம். இன்று அதே உறையில் வேகமான மருந்தைக் கொஞ்சமாகப் போடுகிறார்கள். உறையின் பெரும்பகுதி காலி.

இங்குதான் சிக்கல். கவனம் சிதறி ஒரே உறையில் இரண்டு முறை மருந்து ஊற்றிவிட்டாலும் அது உள்ளே அடங்கிவிடும். மேலே குண்டை வைத்து அழுத்திவிட்டால், பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. சுடும்போதுதான் தெரியும், அதற்குள் கை போய்விடலாம்.

அதனால் அனுபவசாலிகள் புதியவர்களுக்குச் சொல்வது, உறையில் பாதிக்கு மேல் நிரம்புகிற, கொஞ்சம் 'பருமனான' மருந்தாகப் பார்த்து எடு என்பதுதான். இரண்டாவது முறை ஊற்றினால் அது வழிந்து கொட்டும். தவறு கண்ணுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். ஒரு டப்பாவில் நிறைய தோட்டா கிடைக்கும் என்று வேகமான மருந்தை வாங்குவதில் சில சென்ட்தான் மிச்சம்.

மருந்து போடவே மறந்தால்?

அதுவும் ஆபத்துதான். பிரைமரின் பொறி மட்டுமே குண்டைக் கொஞ்சம் தள்ளி குழலுக்குள் சிக்க வைத்துவிடும். 'டப்' என்று மெலிதான சத்தம் வரும். கவனிக்காமல் அடுத்த குண்டைச் சுட்டால் குழல் வெடிக்கும். வித்தியாசமான சத்தம் கேட்டாலே நிறுத்தி, துப்பாக்கியை காலி செய்து, குழலைப் பார்க்க வேண்டும் என்பது பாலபாடம்.

வடிவத்திலும் விஷயம் இருக்கிறதா?

இருக்கிறது. மருந்து தட்டையான செதில், உருண்டை, சிறு குச்சி என மூன்று வடிவங்களில் வருகிறது. உருண்டை மருந்து அளவைக் கருவியில் தண்ணீர் மாதிரி ஓடும். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே அளவு விழும். பெரிய செதில்கள் ஒன்றோடொன்று சிக்கி, அளவு கூடிக் குறையலாம். கையால் எடை போடுபவருக்குப் பரவாயில்லை. இயந்திரத்தில் மணிக்கு நூற்றுக்கணக்கில் நிரப்புபவருக்கு இது பெரிய விஷயம்.

போட்டியாளர்கள் எப்படித் தேர்வு செய்கிறார்கள்?

யுஎஸ்பிஎஸ்ஏ போட்டிகளில் 'பவர் ஃபேக்டர்' என்று ஒரு கணக்கு உண்டு. குண்டின் எடையை (கிரெயினில்) அதன் வேகத்தால் (நொடிக்கு அடி) பெருக்கி 1,000-ஆல் வகுக்க வேண்டும். 'மைனர்' பிரிவுக்குக் குறைந்தது 125 வர வேண்டும். 147 கிரெயின் குண்டுக்கு சுமார் 850 அடி வேகமே போதும். கனமான குண்டு, வேகமான மருந்து என்று சேர்த்தால் பின்னுதைப்பு மென்மையாக இருக்கும் என்பது பலரின் அனுபவம். அவர்களுக்கு வேண்டியது அதிக சக்தி இல்லை, அடுத்த குறியைச் சீக்கிரம் பிடிப்பதுதான்.

கையேடு இல்லாமல் செய்யலாமா?

கூடவே கூடாது. மருந்து நிறுவனங்களே சோதித்து அளவுப் பட்டியல் வெளியிடுகின்றன. பொதுவான விதி, குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவது. ஆனால் இதற்கும் விலக்கு உண்டு. எச்110 மருந்தைப் பட்டியலில் உள்ளதைவிட அதிகம் குறைக்கக் கூடாது என்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார். குறைத்தால் சரியாகப் பற்றாமல் குண்டு குழலில் சிக்கலாம். பொது அறிவை மட்டும் நம்பி இறங்க முடியாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

பெயரும் ஏமாற்றும். ஐஎம்ஆர் 4895, எச்4895 என்ற இரண்டு ரைஃபிள் மருந்துகள் ஒன்றல்ல. அளவுப் பட்டியலும் வேறு. மேசை மேல் ஒரு நேரத்தில் ஒரே ஒரு டப்பாதான் இருக்க வேண்டும், பெயர் தெரியாத மருந்தைக் குப்பையில்கூட யோசிக்காமல் போடாமல் முறைப்படி அழிக்க வேண்டும் என்பதெல்லாம் அதனால்தான். அமிலம் போன்ற காரமான நாற்றமோ செம்பழுப்புத் தூளோ தெரிந்தால் மருந்து கெட்டுவிட்டது, தானாகவே தீப்பிடிக்கக்கூடும்.

இந்தியாவில் இதைச் செய்யலாமா?

உரிமம் இல்லாமல் செய்தால் கடும் குற்றம். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் 'வெடிபொருள்' என்ற சொல்லுக்குள் தோட்டாவின் பாகங்களும் அதைத் தயாரிக்கும் இயந்திரமும் அடங்கும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரித்தால் குறைந்தது 7 ஆண்டு சிறை. ஆயுள் தண்டனை வரை போகலாம். அமெரிக்க யூடியூப் வீடியோவைப் பார்த்து முயற்சி செய்கிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

இந்தப் புகையில்லா மருந்துக்கும் தமிழ்நாட்டுக்கும் நூறாண்டுக்கு மேற்பட்ட தொடர்பு உண்டு. 1889-ல் பிரிட்டனில் உருவான 'கார்டைட்' இந்த வகை மருந்துதான். கயிறு போல இழுத்துத் தயாரித்ததால் அந்தப் பெயர். அதைத் தயாரிக்க 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குன்னூர் அருகே அருவங்காட்டில் அமைக்கப்பட்ட ஆலை, மத்திய அரசின் மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இன்றும் இயங்குகிறது.