சிறு படங்களின் பெரிய கணக்கு

ஹாலிவுட்டின் பெரும் ஸ்டுடியோக்கள் கலைப்படங்களுக்கெனத் தனிப் பிரிவுகளை நடத்துகின்றன. சோனி பிக்சர்ஸ் கிளாசிக்ஸ் 1992இலும், ஃபாக்ஸ் சர்ச்லைட் 1994இலும், யுனிவர்சலின் ஃபோகஸ் ஃபீச்சர்ஸ் 2002இலும் தோன்றின. இவற்றைக் கலைச்சேவை என்போர் உண்டு. பொருளியல் பயிற்றுவித்தவன் என்ற முறையில் நான் இவற்றை இடர்ப் பகிர்வாகவே காண்கிறேன். ஒரு பிரம்மாண்டப் படத்தின் செலவில் பத்துச் சிறு படங்களை எடுக்கலாம்; ஒன்று வென்றாலே மற்றவற்றின் நட்டம் ஈடாகக்கூடும்.

எது வெல்லும் என்பதை மட்டும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. 2008இல் வார்னர் பிரதர்ஸ், செலவைக் குறைப்பதற்காகத் தன் கலைப்படப் பிரிவான வார்னர் இண்டிபென்டன்ட்டை மூடியது. அப்பிரிவின் கைவசம் இருந்த ‘ஸ்லம்டாக் மில்லியனர்’, திரையரங்கைக் காணாமலே டிவிடிக்குப் போகும் நிலை ஏற்பட்டது. ஃபாக்ஸ் சர்ச்லைட் அதில் பங்கு வாங்கி வெளியிட்டது. சுமார் 1.5 கோடி டாலரில் உருவான படம் உலகெங்கும் 37 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது, ஏ.ஆர். ரஹ்மானின் இரண்டு விருதுகள் உள்பட எட்டு ஆஸ்கர்களை வென்றது.

வார்னர் அப்போது இழந்தது ஒரு படத்தை மட்டுமன்று; சிறு படத்தை இனங்கண்டு, சில அரங்குகளில் தொடங்கிப் படிப்படியாகப் பரப்பும் தேர்ச்சியையும்தான். பிரிவை மூடுவதால் மிச்சமாகும் சம்பளம் கணக்கேட்டில் பதிவாகும். கலைந்துபோகும் தேர்ச்சி எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.