பாறு காப்பும் மருந்துக்கடை மேசையும்

மோயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டி இரண்டு புலிகள் காப்பகங்கள் உள்ளன. முதுமலையின் பரப்பு சுமார் 688 சதுர கிலோமீட்டர். சத்தியமங்கலத்தின் பரப்பு சுமார் 1,411. தென்னிந்தியாவில் பாறு கழுகுகள் கணிசமாக எஞ்சியிருக்கும் சில இடங்களுள் முதன்மையானது இப்பள்ளத்தாக்கு. வெண்முதுகுப் பாறு இங்கே ஆற்றோர நீர்மருத மரங்களில் கூடு கட்டுகிறது. கருங்கழுத்துப் பாறு செங்குத்துப் பாறைகளின் விளிம்புகளைத் தேர்கிறது. ஆனால் கூடு மட்டும்தான் காப்பகத்துக்குள் இருக்கிறது. இரை தேடிக் கிளம்பும் பாறு ஒரே நாளில் பல பத்துக் கிலோமீட்டர் கடந்துவிடும். அதனால்தான் ‘பாறு பாதுகாப்பு மண்டலம்’ என்ற திட்டம் 100 கிலோமீட்டர் ஆரத்தை அளவாகக் கொள்கிறது. அதன் பரப்பு ஏறத்தாழ 31,400 சதுர கிலோமீட்டர். மூன்று மாநிலங்களின் ஊர்களும் தொழுவங்களும் அதற்குள் வந்துவிடுகின்றன. வனத்துறையின் ஆணை அவற்றில் பெரும்பாலானவற்றில் செல்லாது. இப்பறவைக்காகப் பாடுபடுவோரின் முதன்மைக் களம் கால்நடை மருந்துச் சந்தையே என்பதும், நச்சென்று தெரிந்தபின் தடை கேட்பதைவிட, தீங்கற்றதென மெய்ப்பிக்கப்படாத வலிமருந்துக்கு உரிமமே தரலாகாது என்று கேட்பதே முதற்கோரிக்கையாக வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

1990களில் பரத்பூர் கேவலாதேவ் பூங்காவில் பாறுகள் கழுத்துத் தொங்கி மரக்கிளைகளிலேயே செத்துக் கிடந்ததைப் பறவை ஆய்வாளர் விபு பிரகாஷ் பதிவு செய்தார். வைரஸ் நோயாக இருக்கலாம் என்ற ஐயம் சில ஆண்டுகளைத் தின்றது. பாகிஸ்தானில் லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் நடத்திய ஆய்வு 2004-இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தபோதுதான் விடை கிடைத்தது: மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபினாக் ஊசி. ஊசி போட்ட ஓரிரு நாளில் மாடு இறந்து, அதன் ஈரலையும் சிறுநீரகத்தையும் பாறு தின்றால், பறவையின் சிறுநீரகம் செயலிழக்கிறது. யூரிக் அமிலம் வெளியேற வழியின்றி உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாகப் படிகிறது. நூறு பிணங்களில் ஒன்றில்கூட அல்ல, அதற்கும் குறைவான விகிதத்தில் நஞ்சு இருந்தாலே பாறுகளின் பெருவீழ்ச்சி நேரும் என்பதையும் கணிப்புகள் காட்டின. ஒரே பிணத்தில் கூட்டமாக விழுந்து தின்னும் பறவை. ஆண்டுக்கு ஒரே முட்டை. இனப்பெருக்கத்துக்குச் சுமார் ஐந்தாண்டுக் காத்திருப்பு. வெண்முதுகுப் பாறு 1992க்கும் 2007க்கும் இடையில் 99 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்ததில் வியப்பில்லை.

இந்தியா 2006-இல் கால்நடை டைக்ளோஃபினாக்கைத் தடை செய்தது. ஆய்வு வெளிவந்த இரண்டே ஆண்டில் கிடைத்த இந்த வெற்றியைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். அடுத்து நடந்ததைச் சொல்வதில்லை. மனிதருக்கான டைக்ளோஃபினாக் 30 மில்லி குப்பிகளில் தாராளமாக விற்றது. ஓர் ஆளுக்கு ஒரு வேளைக்கு வேண்டியது 3 மில்லி. 30 மில்லிக் குப்பி யாருக்காக என்று கடைக்காரருக்கும் தெரியும், கால் வீங்கிய மாட்டை வைத்துக்கொண்டு நிற்பவருக்கும் தெரியும். 2007 முதல் 2010 வரை இந்திய மருந்துக்கடைகளில் வாடிக்கையாளர்போல் சென்று நடத்திய ஆய்வில், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட கடைகள் அதைக் கால்நடைக்கென்றே எடுத்துக் கொடுத்தன. குப்பியின் அளவை 3 மில்லியாகச் சுருக்கும் ஆணை வர 2015 ஆயிற்று. அதை எதிர்த்து மருந்து நிறுவனங்கள் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2017-இல் தள்ளுபடி செய்தது. கடைமேசையில் வைக்கும் குப்பியின் அளவு ஒரு பறவையினத்தின் தலையெழுத்தாக மாறிய இந்த வழக்குக்குக் காட்டுயிர்ச் சட்ட வரலாற்றில் உரிய இடம் இன்னும் தரப்படவில்லை என்பது என் எண்ணம்.

அதற்குள் வேறு மருந்துகள் அந்த இடத்தைப் பிடித்தன. கீட்டோபுரோஃபென் பாறுகளைக் கொல்லும் என்பது 2009 இறுதியிலேயே ஆய்வுலகுக்குத் தெரியும். அசிக்ளோஃபினாக் மாட்டின் உடலுக்குள் டைக்ளோஃபினாக்காகவே மாறுகிறது என்பது 2016-இல் உறுதியானது. இரண்டுக்கும் தடை 2023 ஜூலையில்தான் வந்தது. வங்கதேசம் கீட்டோபுரோஃபெனை 2021-லேயே நிறுத்திவிட்டது. நிமெசுலைடின் முறை 2024 டிசம்பர் இறுதியில். ஒவ்வொரு மருந்துக்கும் முதலில் பறவைகள் சாக வேண்டும், பிறகு சோதனை, பிறகு மனு, பிறகு அரசிதழ் என்பதே நடைமுறை. 2020–25க்கான தேசியப் பாறுப் பாதுகாப்புச் செயல்திட்டமும், நச்சென்று கண்டறியப்பட்ட மருந்தைக் கால்நடைப் பயன்பாட்டிலிருந்து விலக்க ஓர் ஏற்பாடு வேண்டும் என்கிறது. நல்லதுதான், ஆனால் அந்த ஏற்பாட்டில் மெய்ப்பிக்கும் பொறுப்பு பறவையின் தலையில்தான்.

இதற்கு மறுப்பு உண்டு. முன்கூட்டியே சோதனை என்றால் செலவு கூடும், மாட்டின் வலிக்கு மருந்தே கிடைக்காமல் போகும் என்பார்கள். செலவை உரிமம் கேட்கும் நிறுவனம் ஏற்கட்டும். மருந்து இல்லை என்பதும் சரியன்று: மெலாக்சிகம் தீங்கற்றது என்பது 2006 முதலே தெரியும், டோல்ஃபெனாமிக் அமிலமும் பின்னர் அப்பட்டியலில் சேர்ந்தது. மெலாக்சிகம் மெதுவாகத்தான் கேட்கும் என்று ஊசி போடுபவர்கள் சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். கறவை நிற்கும் மாட்டுக்காரருக்கு ஒரு நாளும் பெரிய நாள்தான்.

கோவையைச் சேர்ந்த அருளகம் அமைப்பினர் கால்நடை மருத்துவர்களிடமும் மருந்துக்கடைகளிலும் ஊர்க் கூட்டங்களிலும் ஆண்டுக்கணக்கில் பேசிவருவது, தீங்கற்ற மருந்துக்கும் மாட்டுக்காரரின் அவசரத்துக்கும் இடையிலான இந்த இடைவெளியைப் பற்றித்தான். தமிழ்நாடு அரசும் 2022-இல் பாறு பாதுகாப்புக்கென மாநில அளவிலான குழுவை அமைத்தது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடக மாநிலங்களின் குறிப்பிட்ட பகுதிகளில் 2023 பிப்ரவரியில் ஒரே நேரத்தில் எடுத்த கணக்கில் 246 பாறுகள். அவ்வாண்டு டிசம்பரில் 320. ஆண்டுக்கு ஒரு முட்டை இடும் பறவை பத்து மாதத்தில் இப்படிப் பெருகாது. எண்ணும் பருவமும் இடங்களும் மாறினால் எண்ணிக்கையும் மாறும் என்பதே இதற்கு இயல்பான விளக்கம். ஆகவே இதை வளர்ச்சியென்று மேடையில் பேசுவது அவசரம்.

என் வாதத்துக்கும் ஓர் எல்லை உண்டு. புலியோ சிறுத்தையோ மாட்டை அடித்துப்போட்டால், ஆத்திரத்தில் அந்தப் பிணத்தின் மேலேயே பூச்சிமருந்தைத் தெளித்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். திரும்பி வரும் விலங்கோடு, அதற்கு முன்பே இறங்கிவிடும் பாறுகளும் சாகின்றன. மருந்து உரிமத்தை எவ்வளவு இறுக்கினாலும் இது நிற்காது. அடிபட்ட மாட்டுக்கான இழப்பீடு, உரியவர் பிணத்தை விட்டு வீட்டுக்குப் போகும் முன்பே உறுதியாக வேண்டும்; வனச்சரக அலுவலகத்துக்கு நாலு முறை நடக்கவைத்தபின் தரும் பணம் எந்தப் பாறு கழுகையும் காப்பாற்றாது.