திருவண்ணாமலைப் பையனும் பதினொரு கிலோ பெட்டியும்

ஜூன் மாதம் பிறந்தால் போதும். எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்வியோடுதான் வரும். 'பொண்ணு காலேஜ்ல சேர்ந்திருக்கா. என்ன லேப்டாப் வாங்கலாம்?'

ஒரு நண்பர் கேட்டது மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. தனியார் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறவர். மகளுக்கு பி.காம். சீட் கிடைத்திருக்கிறது. கையில் நாற்பதாயிரம் வைத்துக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறார். ஒரே மணி நேரத்தில் விற்பனைப் பையன் அவரை எழுபத்தைந்தாயிரம் ரூபாய் மாடலுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டான். 'அஞ்சு வருஷத்துக்கு யோசிக்கவே வேணாம் சார். பாக்கிக்கு ஈ.எம்.ஐ. போட்டுக்கலாம்.'

'வீட்ல வளையலைக் கழட்டிக் குடுத்துட்டா. அடகு வெச்சா மொத்தமாவே கட்டிடலாம். வாங்கிடட்டுமா?' என்று கேட்டார்.

ஒரு நாள் டயம் கேட்டேன். காரணம், இந்தக் கேள்விக்கு பதில் சொல்ல நாம் முதலில் திருவண்ணாமலைக்குப் போய்விட்டு வரவேண்டும்.

சிரிக்காதீர்கள். நிஜமாகவே திருவண்ணாமலைதான்.

1941. இரண்டாம் உலகப்போர் உச்சத்தில் இருந்த நேரம். ஆர்தர் ஆஸ்பர்ன் என்கிற ஆங்கிலேயர், பாங்காக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர். மனைவி லூசியா, போலந்துக்காரர். மூன்று குழந்தைகள். குடும்பத்தை ரமண மகரிஷியின் திருவண்ணாமலையில் விட்டுவிட்டு அவர் மட்டும் வேலைக்குத் திரும்பிப் போனார். போன இடத்தில் ஜப்பான் படை நுழைந்துவிட்டது. போர் முடியும்வரை அவர் கைதி. குழந்தைகள் வளர்ந்தது அருணாசல மலையின் அடிவாரத்தில்.

விடுதலையாகி வந்த ஆர்தர், பிற்காலத்தில் ரமணரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியவர்களில் முக்கியமானவராக ஆனார். 1964ல் ரமணாசிரமத்திலிருந்து 'மவுண்டன் பாத்' பத்திரிகையைத் தொடங்கியவரும் அவர்தான். ஆனால் நம் கதாநாயகன் அவர் அல்ல. அவருடைய மகன். 1939ல் பாங்காக்கில் பிறந்து, திருவண்ணாமலையில் ஓடியாடி, கொடைக்கானலில் பள்ளிக்கூடம் போன பையன். பெயர் ஆடம் ஆஸ்பர்ன்.

பதினோரு வயதில் இங்கிலாந்து. அப்புறம் அமெரிக்கா. கெமிக்கல் என்ஜினீயரிங்கில் டாக்டர் பட்டம். எண்ணெய் கம்பெனியில் வேலை. அது ஒத்துவரவில்லை. எழுபதுகளில் கம்ப்யூட்டர் பற்றிப் புத்தகம் எழுத ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் கொடுக்கும் விளக்கப் புத்தகங்கள் அவற்றைத் தயாரித்த என்ஜினீயருக்கே புரியாது. ஆஸ்பர்ன் எழுதியவை புரிந்தன. விற்றன. 1979ல் தன் பதிப்பகத்தை மெக்ரா ஹில் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். கையில் பணம். மனத்தில் ஒரு யோசனை.

அப்போது கம்ப்யூட்டர் வாங்குவது எப்படி இருந்தது தெரியுமா? கல்யாணத்துக்குச் சாமான் வாங்குவது மாதிரி. பெட்டி ஒரு கடை, திரை ஒரு கடை, டிஸ்க் டிரைவ் தனி, கேபிள் தனி, மென்பொருள் தனி. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் முதல் பி.சி.யை வெளியிட்டபோது ஆரம்ப விலை 1,565 டாலர். அந்த விலைக்குத் திரையும் கிடையாது, டிஸ்க் டிரைவும் கிடையாது.

அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1981 ஏப்ரலில், ஆஸ்பர்ன் மேடை ஏறினார். லீ ஃபெல்சன்ஸ்டைன் என்கிற பிரமாதமான வடிவமைப்பாளர் அவருக்காக உருவாக்கிய பெட்டியின் பெயர் ஆஸ்பர்ன் 1. தையல் மெஷினை மூடி எடுத்துப்போவது போல, கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகலாம். விமானத்தில் சீட்டுக்கு அடியில் வைக்கலாம். திரை, கீபோர்டு, இரண்டு டிஸ்க் டிரைவ், 64 கே.பி. மெமரி எல்லாம் உள்ளேயே. கடிதம் எழுத வேர்ட்ஸ்டார், கணக்குப் போட சூப்பர்கால்க், நிரல் எழுத பேசிக் எல்லாம் இலவச இணைப்பு. மொத்தம் 1,795 டாலர்.

எடை பதினொரு கிலோ. பாட்டரி இல்லை. இதைப் போய் தூக்கிச் செல்லும் கம்ப்யூட்டர் என்று சொன்னார்கள். ஆனால் நாம் இன்று மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சுகிற லேப்டாப்புக்கு அதுதான் தாத்தா. வணிகரீதியில் ஜெயித்த முதல் கையடக்க கம்ப்யூட்டர். சரி, 'கையடக்க' என்பதைக் கொஞ்சம் பெரிய கை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை அவரால் எப்படி அந்த விலைக்குக் கொடுக்க முடிந்தது? புதிய கண்டுபிடிப்பு என்று அதில் ஒன்றுமே இல்லை. எல்லாம் சந்தையில் கிடைத்த, சோதித்துத் தேறிய சாமான்கள். ஆஸ்பர்னின் சித்தாந்தம் ரொம்ப எளிமையானது. தேவைக்குப் போதுமானது எதுவோ அது போதும், மிச்சமெல்லாம் ஆடம்பரம்.

போதும். இந்த ஒரு வார்த்தையில் அவர் கோடீஸ்வரரானார். முதல் மாடல் வந்த சில மாதங்களிலேயே, 1981 செப்டம்பரில், ஒரே மாதத்தில் பத்து லட்சம் டாலருக்கு விற்பனை. பின்னால் மாதத்துக்குப் பத்தாயிரம் பெட்டிகள்வரை போனது.

ஆனால் 'போதும்' என்பது ஒரு கோடு. அதை எங்கே போடுகிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஆஸ்பர்ன் ஓர் இடத்தில் சறுக்கினார். திரை. அஞ்சு அங்குலம். ஒரு வரிக்கு 52 எழுத்துதான் தெரியும். பெரிய வரியென்றால் பக்கவாட்டில் நகர்த்தி நகர்த்திப் படிக்கவேண்டும். 1982ல் கேப்ரோ என்கிற கம்பெனி கிட்டத்தட்ட அதே விலையில், 9 அங்குலத் திரையோடு ஒரு பெட்டியைக் கொண்டுவந்தது. வாடிக்கையாளர்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

பதறிப்போன ஆஸ்பர்ன் 1983ல் ஒரு காரியம் செய்தார். இன்னும் கடைக்கு வராத அடுத்த மாடலைப் பற்றிப் பத்திரிகைக்காரர்களிடம் பெருமையாகப் பேசினார். பெரிய திரை, அதிக மெமரி, அப்படி இப்படி. படித்தவர்கள் என்ன செய்வார்கள்? புதுசு வரட்டும் என்று காத்திருந்தார்கள். கடைக்காரர்கள் பழைய மாடலுக்குக் கொடுத்த ஆர்டர்களை ரத்து செய்தார்கள். பணம் வருவது நின்றது. செப்டம்பர் 1983ல் கம்பெனி திவால்.

நிர்வாகவியல் பாடப்புத்தகங்களில் இன்றைக்கும் இதை 'ஆஸ்பர்ன் விளைவு' என்கிறார்கள். அந்தப் பேச்சு மட்டும் கம்பெனியைக் கவிழ்க்கவில்லை, போட்டியும் நிர்வாகக் குளறுபடியும்தான் பெரிய காரணம் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. இருக்கட்டும். பெயர் என்னவோ அவர் தலையில் நிலைத்துவிட்டது.

இதற்கப்புறம் மலிவு கம்ப்யூட்டர் செய்ய வந்த எல்லோருக்கும் அந்தக் கோடுதான் பிரச்னை. ஒரே ஒரு வித்தியாசம். ஆஸ்பர்ன் வியாபாரிகளுக்காகச் செய்தார். பின்னால் வந்தவர்கள் மாணவர்களுக்காக.

மாணவர்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் என்பது பழைய கனவு. 1968ல் ஆலன் கே என்கிற அமெரிக்க விஞ்ஞானி அட்டையில் ஒரு மாதிரி செய்தார். எவ்வளவு கனம் இருந்தால் தூக்கலாம் என்று பார்க்க அதற்குள் ஈயக் குண்டுகளைக் கொட்டினார். டைனாபுக் என்று பெயர். பெயரும் அட்டையும்தான். அந்தக் காலத் தொழில்நுட்பத்தில் அதைச் செய்ய வழியில்லை.

2005 நவம்பர். டூனிஸ் நகரத்தில் ஐ.நா. மாநாடு. பேராசிரியர் நிக்கோலஸ் நெக்ரோபோன்டே பச்சை நிறத்தில் ஒரு குட்டி லேப்டாப்பைத் தூக்கிக் காட்டினார். பக்கத்தில் ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னான். ஏழை நாட்டுக் குழந்தைக்கு ஆளுக்கொரு லேப்டாப், விலை நூறே டாலர். மின்சாரம் இல்லையா? கைப்பிடியைச் சுற்று, ஓடும். கோஃபி அன்னான் ஆர்வமாகச் சுற்றினார். கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

2007ல் அது தொழிற்சாலையிலிருந்து வந்தபோது கைப்பிடி இல்லை. நூறு டாலரும் இல்லை. 188 டாலர் ஆகியிருந்தது. இந்தியா 2006லேயே வேண்டாமென்று சொல்லிவிட்டது. பெரு நாடு லட்சக்கணக்கில் வாங்கியது. 2012ல் அங்கே நடந்த ஆய்வு, பிள்ளைகளின் கணக்கு, மொழிப் பாட மதிப்பெண்கள் உயர்ந்ததற்கு ஆதாரமில்லை என்றது. பெட்டி கிடைத்தது. அதை வைத்து என்ன சொல்லிக் கொடுப்பது என்பதை யாரும் போதுமான அளவு யோசித்திருக்கவில்லை.

அதே 2007ல் தைவானின் ஆசஸ் கம்பெனி, ஈ பி.சி. என்றொரு குட்டி லேப்டாப்பை இறக்கியது. அமெரிக்காவில் 399 டாலர். 7 அங்குலத் திரை. 4 ஜி.பி. சேமிப்பு. விண்டோஸ்கூட இல்லாமல் லினக்ஸ். பிய்த்துக்கொண்டு விற்றது. நெட்புக் என்று ஓர் இனமே பிறந்தது. ஆனால் வாங்கியவர்கள் அதில் நாலு பக்கம் தட்டச்சு செய்துபார்த்தார்கள். விரலுக்கு இடம் போதவில்லை. கண் எரிந்தது. 2010ல் ஐபேட் வந்தது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் நெட்புக் இனம் கிட்டத்தட்ட அழிந்துவிட்டது. திரையும் கீபோர்டும் ஆஸ்பர்னைக் கடித்த அதே பாம்புதான். இருபத்தைந்து வருஷம் கழித்து மறுபடி கடித்தது.

நம் ஊருக்கு வருவோம். 2011 தேர்தலில் தமிழகத்தின் இரு பெரிய கட்சிகளுமே மாணவர்களுக்கு லேப்டாப் தருவதாக வாக்குறுதி கொடுத்தன. ஜெயித்த அ.தி.மு.க. அந்த ஆண்டு செப்டம்பர் 15ம் தேதி, அண்ணா பிறந்த நாளில் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அதன் நன்மை தீமைகளைத் தனியாகப் பேசலாம். ஒன்றை மட்டும் மறுக்கமுடியாது. அதுவரை லேப்டாப் என்பது சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர் தோளில் தொங்குகிற சமாசாரம். அதற்கப்புறம் அது அரசுப் பள்ளி மாணவியின் பைக்குள் வந்துவிட்டது. இன்று கல்லூரி சேரும் பிள்ளை லேப்டாப் கேட்டால் யாரும் முறைப்பதில்லை. எது என்பதுதான் கேள்வி.

நண்பருக்கு மறுநாள் போன் செய்தேன். முதலில் கணக்கு. நானும் பி.காம்.தான். கணக்கு போடாமல் என்னால் பேசமுடியாது. வருமான வரிச் சட்டத்தில் கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் வருடத்துக்கு 60 சதவீதமாக இருந்தது. 2017ல் 40 ஆகக் குறைத்தார்கள். அந்த 40ஐயே வைத்துக்கொள்வோம். எழுபத்தைந்தாயிரம் ரூபாய் லேப்டாப் மூன்று வருடம் கழித்து, பெண் டிகிரி முடிக்கும்போது, ஏட்டில் 16,200 ரூபாய். நாற்பதாயிரத்துக்கு வாங்கியது 8,640. முன்னதில் கரைந்தது 58,800. பின்னதில் 31,360. வித்தியாசம் இருபத்தேழாயிரத்துச் சொச்சம். அடகுக்கடை வட்டி தனி. லேப்டாப் என்பது நகை அல்ல சார், தக்காளி.

சரி, கோட்டை எங்கே போடுவது?

திரையிலும் கீபோர்டிலும் மிச்சம் பிடிக்காதீர்கள். வரலாறு இரண்டு முறை சொல்லிவிட்டது. 14 அல்லது 15 அங்குலம், ஃபுல் ஹெச்.டி. திரை. கடையிலேயே உட்கார்ந்து பத்து வரி தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். தட்டப்போவது அவள்தான், நீங்கள் அல்ல.

சேமிப்புக்கு எஸ்.எஸ்.டி. இருக்கவேண்டும். ரொம்ப மலிவான சிலவற்றில் 64 ஜி.பி. இ.எம்.எம்.சி. என்று போட்டிருப்பார்கள். செல்போன் மெமரி மாதிரி சமாசாரம் அது. விண்டோஸே பெரும்பகுதியைச் சாப்பிட்டுவிடும். தவிர்த்துவிடுங்கள். ரேம் 8 ஜி.பி.யில் தொடங்கலாம். ஆனால் பின்னால் கூட்டிக்கொள்ள இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். சில மாடல்களில் போர்டோடு பற்றவைத்துவிடுகிறார்கள்.

பி.காம். படிப்புக்கு எக்செல், டேலி, கொஞ்சம் பிரசன்டேஷன். இதற்குத் தனி கிராபிக்ஸ் கார்டு எதற்கு? அது கட்டடக்கலை, அனிமேஷன் படிக்கிற பிள்ளைக்கு. அதே சமயம், டேலி ஓடுவது விண்டோஸில். மலிவாகக் கிடைக்கிறதே என்று குரோம்புக் வாங்கினால் கோடு ரொம்பக் கீழே போய்விடும்.

செகண்ட் ஹாண்ட் என்றாலும் தப்பில்லை. ஒன்றை மட்டும் பாருங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போடவேண்டுமென்றால், இன்டெல்லில் பொதுவாக 8வது தலைமுறைக்குக் கீழே போகக்கூடாது. மேலே ஒட்டியிருக்கும் ஐ 5 ஸ்டிக்கரைப் பார்த்து மயங்கவேண்டாம். எந்தத் தலைமுறை ஐ 5 என்பதுதான் கேள்வி.

முக்கியமான விஷயம். முதல் ஒரு மாதம் வகுப்புக்குப் போகட்டும். சீனியர்களிடம், ஆசிரியர்களிடம் கேட்கட்டும். பெரு நாட்டில் பெட்டி முதலில் வந்து, பாடம் பின்னால் வந்த கதை நமக்கு வேண்டாம். அதற்காக அடுத்த மாடல், தீபாவளி ஆஃபர் என்று வருஷம் முழுக்கக் காத்திருக்கவும் வேண்டாம். அது ஆஸ்பர்ன் விளைவு. அன்று கம்பெனியை முடித்தது. இன்று செமஸ்டரை முடித்துவிடும்.

எல்லாம் கேட்டுக்கொண்டு நண்பர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். 'கொறைச்ச விலையில வாங்கினா, பொண்ணு மத்த பிள்ளைங்க முன்னாடி தாழ்ந்து போயிடமாட்டாளே?'

இதற்குத்தான் எழுபத்தைந்தாயிரம். புரிந்துவிட்டது. 'அவகிட்டயே கேளுங்க' என்றேன். கேட்டிருக்கிறார். மகள் சொன்ன பதில்: 'அம்மா வளையல் இல்லாம பஸ்ல போறதை நான் தினம் பாக்கணும்ப்பா.'

முப்பத்தெட்டாயிரத்துக்கு வாங்கினார்கள்.

ஆடம் ஆஸ்பர்ன் அப்புறம் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். மலிவு விலையில் மென்பொருள் விற்க ஒரு கம்பெனி ஆரம்பித்தார். வழக்கில் மாட்டி அதுவும் நொடித்தது. உடல்நலம் கெட்டது. மூளையில் பாதிப்பு. 1992ல் இந்தியாவுக்கே திரும்பி வந்தார். 2003 மார்ச் 18ம் தேதி, பள்ளிக்கூடம் போன அதே கொடைக்கானலில், தூக்கத்திலேயே இறந்துபோனார். வயது 64.

அடுத்த முறை கடையில் யாராவது 'இன்னும் பத்தாயிரம் போட்டா சார்...' என்று ஆரம்பித்தால், அந்தத் திருவண்ணாமலைப் பையனை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.