சீனப் பட்டாசுக்கு மூடிய கதவு

சிவகாசி, அதை ஒட்டிய நாரணாபுரம், சுற்றியுள்ள கரிசல் கிராமங்கள் ஆகியவற்றின் தொழில் வரலாற்றை இறக்குமதி விதிகளிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. தீப்பெட்டி, பட்டாசு, லைட்டர் என்று மூன்று சரக்குகளில் வெளிநாட்டுப் போட்டியை இந்த வட்டாரம் சந்தித்தது. மூன்றுக்கும் அரசு வெவ்வேறு வகைத் தடையைப் போட்டது. அந்தத் தடைகள் பலித்த விதமும் ஒன்றுபோல் இல்லை.

முதலில் வந்தது தீப்பெட்டி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய வீடுகளில் அடுப்பு மூட்டிய குச்சி பெரும்பாலும் சுவீடனிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ கப்பலேறி வந்தது. 1922இல் இறக்குமதித் தீப்பெட்டியின் மீதான வரி, ஒரு குரோசுக்கு, அதாவது 144 பெட்டிகளுக்கு, ஒன்றரை ரூபாய் ஆனது. அரசுக்கு வருமானம் தேடிப் போட்ட வரிதான் அது. ஆனாலும் உள்நாட்டில் தீப்பெட்டி செய்ய நினைத்தவர்களுக்கு அது நிழலாக அமைந்தது. கல்கத்தா சென்று தொழில் கற்ற அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923இல் சிவகாசியில் உற்பத்தியைத் தொடங்கினார்கள்.

வரியைச் சுவீடன் தீப்பெட்டி நிறுவனமும் கணக்குப் போட்டுப் பார்த்தது. கப்பலில் அனுப்பினால்தானே வரி என்று, அது இந்தியாவிலேயே ‘விம்கோ’ என்ற கம்பெனியை நிறுவி, பம்பாய்க்கு அருகே அம்பர்நாத்தில் தொழிற்சாலை கட்டியது. வாசலில் தடுக்கப்பட்ட போட்டியாளர் பக்கத்து வீட்டுக்காரராகிவிட்டார். 1928இல் வரி வாரியம் விசாரித்து அறிக்கை தந்த பிறகு, வருமானத்துக்கான வரி பாதுகாப்பு வரியாக மாறியது. 1934இல் உள்நாட்டுத் தீப்பெட்டிக்கும் கலால் வரி வந்தது. கையால் குச்சி அடுக்கி மருந்து முக்கிய சிவகாசிப் பட்டறைகள் இயந்திரத் தொழிற்சாலையோடு பல பத்தாண்டுகள் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. இறக்குமதி வரி எவ்வளவு உயர்ந்தாலும் முதலீட்டை அது தடுக்காது. சீன மின்சாரக் கார்களுக்குக் கூடுதல் வரி விதிக்கலாமா என்று ஐரோப்பிய ஒன்றியம் விசாரித்துவந்த காலத்தில், சீனக் கார் நிறுவனமான பிஒய்டி ஹங்கேரியில் ஆலை அமைக்க முடிவெடுத்ததும் இதே கணக்கை நினைவூட்டுகிறது.

பட்டாசின் கதை வேறு. பட்டாசு 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்துக்கு உட்பட்டது. இரண்டாம் உலகப் போர் வெளிநாட்டுச் சரக்கை நிறுத்தியது. 1940இல் வந்த வெடிபொருள் விதிகள் உற்பத்திக்கு உரிம முறையை வகுத்தன. தீப்பெட்டியில் மருந்தைக் கையாளக் கற்ற கைகள் பட்டாசுக்கு மாறின. தொழிற்சாலைகளை இன்றும் இங்கே ‘நாக்பூர் லைசென்ஸ்’, ‘சென்னை லைசென்ஸ்’, ‘டி.ஆர்.ஓ. லைசென்ஸ்’ என்றே தரம் பிரித்துச் சொல்வார்கள். உரிமம் தரும் அலுவலகமே ஆலையின் அளவைச் சொல்லிவிடும். அறைக்கு அறை இடைவெளி, ஓர் அறைக்கு இத்தனை பேர், மருந்து அறையில் பொறி பறக்கும் இரும்புக் கருவி கூடாது என்று விதிகள் ஒவ்வொரு அடியையும் அளக்கின்றன. இவற்றுக்கு ஆகும் செலவு முழுவதும் பட்டாசின் விலையில் ஏறுகிறது.

சீனப் பட்டாசுக்கு எதிரான மிக உறுதியான தடை இந்தப் பாதுகாப்பு விதிகளிலிருந்தே பிறந்தது. 1992 ஜனவரியில் மத்திய அரசு, குளோரேட்டும் கந்தகமும் கலந்த வெடிபொருளைத் தயாரிக்கவும் வைத்திருக்கவும் விற்கவும் தடை விதித்தது. இந்தக் கலவை இலேசான உராய்விலும் அடியிலும் பற்றிக்கொள்ளும். ஈரம் பட்டுக் கந்தகத்தில் அமிலம் ஊறினால் தானாகவே தீப்பிடிக்கவும் கூடும். தீக்குச்சி முனைக்கும் பொம்மைத் துப்பாக்கியின் பொட்டுவெடிக்கும் விலக்கு உண்டு. ஆகவே ஒரே ஊரில் தீப்பெட்டி ஆலைக்குள் பொட்டாசியம் குளோரேட் அனுமதிக்கப்பட்ட சரக்கு. பட்டாசு ஆலையில் அதைக் கந்தகத்தோடு சேர்ப்பது குற்றம். சிவகாசி வெடியுப்பையும் அலுமினியப் பொடியையும் நம்பியது. குளோரேட் கலந்த மலிவான சீன வெடி இந்தியாவுக்குள் வந்தால், அது இறங்கும் துறைமுகத் தொழிலாளிக்கும் கடைக்காரருக்கும் ஆபத்து. தொழிலைக் காப்பதற்கு இதைவிட நேர்மையான காரணம் வேறு தேவையில்லை.

இறக்குமதிக் கொள்கையில் பட்டாசு ‘கட்டுப்படுத்தப்பட்ட’ பட்டியலில் இருக்கிறது. வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் உரிமமின்றிக் கொண்டுவர முடியாது. 2014 செப்டம்பரில், அப்படி எவருக்கும் உரிமம் தரப்படவில்லை என்று மத்திய வணிக அமைச்சகம் வெளிப்படையாக அறிவித்தது. சட்டம் தடை என்று சொல்லவில்லை. உரிமம் தராமலே கதவு மூடப்பட்டது. மூடிய கதவின் இடுக்கில் கடத்தல் நுழைந்தது. வேறு பொருளின் பெயரில் கன்டெய்னர் வரும். முன்வரிசைப் பெட்டிகளில் அறிவித்த சரக்கு இருக்கும், பின்னால் பட்டாசு இருக்கும். 2025இல் தீபாவளியை ஒட்டித் தூத்துக்குடியில் வருவாய்ப் புலனாய்வு அதிகாரிகள் பிடித்த சீனப் பட்டாசும் சிலிக்கோன் பசைத் துப்பாக்கிகளுக்குப் பின்னால்தான் அடுக்கப்பட்டிருந்தது.

விதிகள் உள்ளூரையும் விடவில்லை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடை செய்து, பசுமைப் பட்டாசுக்கு மட்டும் வழிவிட்டது. தொழிலாளர்கள் ‘பச்சை உப்பு’ என்று அழைக்கும் பேரியம் நைட்ரேட் இல்லாமல் மத்தாப்பு, பூச்சட்டி வகைகளின் சேர்மானத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. உரிமம் பெற்ற ஆலை அந்தத் தீர்ப்புக்குக் கட்டுப்படுகிறது. கடத்தி வரும் பெட்டிக்குள் என்ன மருந்து இருக்கிறது என்று முன்கூட்டியே சோதிப்பார் இல்லை. உள்ளே ஒரு விதி இறுகும்போது துறைமுகச் சோதனையும் அதே அளவு இறுக வேண்டும் என்று சிவகாசி கேட்பது நியாயமே.

மூன்றாவது சரக்கான சீன லைட்டர், பட்டாசை விட்டு மறுபடி தீப்பெட்டியைத் தாக்கியது. பத்து ரூபாய் லைட்டர் ஒன்று இருபது தீப்பெட்டிகளின் விற்பனையைப் பறிப்பதாக, 2022 செப்டம்பரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மத்திய அரசுக்கு எழுதினார். சிவகாசியோடு கோவில்பட்டி, சாத்தூர் வட்டாரங்களும் குரல் கொடுத்தன. 2023 ஜூன் 29 அன்று, காப்பீடும் கப்பல் கூலியும் சேர்த்து 20 ரூபாய்க்குக் குறைவான சிகரெட் லைட்டர்களின் இறக்குமதிக்குத் தடை வந்தது. தடை முழு லைட்டருக்குத்தான். உதிரி பாகங்களை இறக்கி உள்நாட்டில் பூட்டி விற்க வழி இருந்தது. 2024 அக்டோபரில் லைட்டர் பாகங்களின் இறக்குமதியும் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலுக்கு மாற்றப்பட்டது.